இடது காதில் கம்மல் இல்லாதபோது

அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி மலர், ஷாமியானா கடை பாய், எங்கள் வார்டு கவுன்சிலர், கவுன்சிலருடைய அக்கா. மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேரில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. பாய்க்கு மட்டும் லேசாக இருமல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த அக்கா ஒரு வீட்டுப் படி ஏறினால், உள்ளே படுத்துக்கிடப்பது யார் என்றுதான் தெருவில் முதலில் கேட்பார்கள்.

அவர் உள்ளே நுழைந்தபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை. இடது காதைத்தான் பார்த்தேன். கம்மல் இருந்தது. அதற்கு அப்புறம்தான் உட்காருங்கக்கா என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அந்தக் காது விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் என் தொழிலைச் சொல்ல வேண்டும். ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறேன். இறந்தவர்களை வைக்கும் கண்ணாடிப் பெட்டி. கடலூர் முதுநகரில் ஒரு சின்ன கடை, இரண்டு பெட்டி, ஒரு குட்டியானை வண்டி, ஒரு ஜெனரேட்டர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பயம் என் கூடவே பிறந்தது. பிளக்கைச் சொருகினால் பியூஸ் போய்விடுமோ என்று பயம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்காதோ என்று பயம். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இவ்வளவு நன்றாக ஓடுகிறதே என்று அதற்கு ஒரு பயம். இப்படிப்பட்டவனுக்கு இந்தத் தொழில் எதற்கு என்று மலர் கல்யாணமான புதிதிலேயே கேட்டாள். பதில் இன்னும் சொல்லவில்லை.

தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு சாவு வீட்டில்தான் அக்காவை முதலில் பார்த்தேன். பெட்டியை வாசல் நிலையில் இடிக்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, ஸ்டெபிலைசரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில் எப்படி என்று தெரியும்தானே. துக்கத்துக்கு வருகிறவள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவளின் தோளில் கை போடுவாள், இவளும் அவள் தோளில் கை போடுவாள், இரண்டு தலையும் ஒட்டிக்கொள்ளும், முன்னும் பின்னும் ஆடி அழுவார்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடுவார்கள். ஆனால் இந்த அக்காவிடம் போய்ச் சாய்ந்தவள் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. சாய்ந்தபடியே கிடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர், டாக்டர் ரூம் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் போல, அழுதபடியே தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

பிளக்கைச் சரிபார்க்கக் குனிந்தபோது அவர்கள் பேச்சு என் காதில் விழுந்தது. ஒப்பாரி ராகம்தான். ராகம் கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் உள்ளே இருந்த வார்த்தை வேறு. "என்னப் பெத்த எஞ்சாமீ, சொசைட்டி லோனுக்கு எம்மவன அலைய வுடறானே, கமிஷன் குடுத்தாத்தான் கையெழுத்துங்கறானே" என்று ஒருத்தி இழுத்தாள். அடுத்தவள் இழுத்தது எதிர்க்கட்சிக்காரர்கள் அவள் புருஷனைக் கூப்பிட்டுப் பேசியதைப் பற்றி. அக்கா எதையும் திருப்பிக் கேட்கவில்லை. "ம்" என்று மட்டும் மூக்கால் ஒரு சத்தம். கேட்பதற்கு அதுவும் அழுகை மாதிரியே இருந்தது. நிமிர்ந்தபோது அவர் கன்னத்தைப் பார்த்தேன். ஈரமே இல்லை.

அவர் இடது பக்கம்தான் சாய்த்துக்கொள்வார். கம்மல் அடுத்தவள் கன்னத்தில் குத்தக் கூடாது என்று, சாவு வீட்டுக்குக் கிளம்பும்போதே இடது காதுக் கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வார். வலது காதில் கம்மல் மின்னும். இடது காதில் வெறும் ஓட்டை. அந்தக் காது ஜில்லென்று இருக்குமாம், உன் புருஷன் பெட்டிக் கண்ணாடி மாதிரி என்று பெண்கள் மலரிடம் சொல்லியிருக்கிறார்கள். சாய்ந்து எழுந்த பிறகு ரொம்ப நேரம் தங்கள் காதில் ஏதோ ரீங்காரம் கேட்கும் என்றும் சொன்னார்கள். பெட்டியின் மோட்டார் சத்தமாக இருக்கும் என்று நான் சொல்லிவைத்தேன்.

சொசைட்டி லோன் அடுத்த வாரமே கிடைத்துவிட்டது. கவுன்சிலர் நேரில் போய் மேஜையைத் தட்டினார் என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். வெளியே ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தத் தெரு யார் பக்கம், எந்த ஜாதி எவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர்கள் அவர்கள். அதுதான் அரசியல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கவுன்சிலரும் நல்ல மனுஷன்தான். உயரம், வெள்ளைச் சட்டை, கம்பீரமான குரல். எதைக் கேட்டாலும் "யோசிச்சு சொல்றேன்" என்பார். பாய் என் காதருகே குனிந்து, "அவரோட யோசனை பொடவ கட்டிக்கினு உள்ள உக்காந்திருக்குது மச்சான்" என்பார்.

பாயைப் பற்றி ஒரு வார்த்தை. லால்பேட்டைக்காரர், கடலூருக்கு வந்து வருஷக்கணக்கு ஆகிறது. எனக்குப் பெட்டி, அவருக்குப் பந்தலும் நாற்காலியும்; ஒரே வீட்டுக்கு இரண்டு பேரும் போவோம். நான் பயப்படுவதற்கெல்லாம் அவர் ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

அக்கா போன் செய்வதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. பகல் வேளையில் போன் வரும். ஹலோ கிடையாது, நலம் விசாரிப்பது கிடையாது. "பொட்டி சும்மாதான தம்பி கெடக்குது?" ஆமாங்கக்கா என்பேன். "சரி, இருக்கட்டும்." அவ்வளவுதான். எந்த வீட்டுக்கு என்று கேட்டால், போனை வைத்த சத்தம்தான் பதில். அன்றைக்கோ மறுநாளோ வார்டில் ஒரு சாவு விழும். நான் பெட்டியோடு போகும்போது அக்கா ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பார்.

"இதுல என்ன இருக்குது மச்சான்," என்றார் பாய். "மூணு நாளா கஞ்சி எறங்கலன்னு மருமக சொல்லியிருப்பா. கால் வீங்கிடுச்சின்னு மக சொல்லியிருப்பா. பொம்பளைங்க எல்லாத்தயும் அவுங்ககிட்டதான கொட்டறாங்க. டாக்டருக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவுங்களுக்குத் தெரியுது."

சரி என்று இருந்தேன். அப்புறம் ஒரு லாரி ஷெட் முதலாளி விஷயம் நடந்தது. அவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். அடுத்த தேர்தலில் கவுன்சிலருக்கு எதிராக நிற்கப் போகிறேன் என்று டீக்கடையில் உட்கார்ந்து வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் அக்காவிடமிருந்து போன். பெட்டி சும்மாதான் கிடக்கிறதா என்று. கிடக்கிறது என்றேன். அன்று மத்தியானம் ஷெட்டில் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சு வலி. நான் பெட்டியை இறக்கும்போது கண்ணாடி மூடி தடதடவென்று ஆடியது. அக்கா அந்த வீட்டு அம்மாவின் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தார். இடது காது வெறுமையாக இருந்தது.

பாயிடம் சொன்னேன். அதே தெருவில் ஒரு கிழவர் ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டு கிடக்கிறார், அவருக்காகத்தான் கேட்டிருப்பார் என்றார். இருக்கலாம். ஆனால் அந்தக் கிழவர் இன்றைக்கும் இருக்கிறார். போன வாரம்கூட வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சின்னக் கண்ணாடியைக் கையில் பிடித்து முகச்சவரம் பண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த லாரி ஷெட் வீட்டு ஓட்டு முழுவதும் அந்த முறை கவுன்சிலருக்கு விழுந்தது. அந்த அம்மாவே வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

சிரிப்பாகவும் ஒன்று நடந்திருக்கிறது. நல்ல வெயில் வேளையில் அக்கா எங்கள் தெருவில் தனியாக நடந்து வந்தார். இடது காதில் கம்மல் இல்லை. அவர் தெருவின் இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியேறுவதற்குள் தெருவே வெலவெலத்துப் போய்விட்டது. பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். பாய் லால்பேட்டைக்குப் போன் போட்டு, ஊரில் இருக்கும் வயதான வாப்பா எழுந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று விசாரித்தார். நான் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். எதிர் வீட்டு ரிட்டையர்டு கண்டக்டர் ஜன்னலைத் திறந்து, "எனக்கு சுகர் நார்மல்மா, நேத்துதான் பாத்தேன்" என்றார். அக்கா நின்று, திரும்பி, அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். கண்டக்டர் அன்றைக்கே பிள்ளைகள் இரண்டு பேரையும் வரவழைத்து வீட்டை யாருக்கு எழுதுவது என்று பேசி முடித்துவிட்டார்.

சாயங்காலம் பாய்தான் விஷயத்தைக் கண்டுபிடித்து வந்தார். கம்மலின் திருகு மரை தேய்ந்துபோய், மாற்றிக்கொண்டு வர நகைக் கடைக்குப் போயிருக்கிறார். அவ்வளவுதான். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகும் சாவே விழாத நாட்களில் இரண்டு மூன்று முறை அவர் அந்த மாதிரி வெறும் காதோடு தெருவில் நடந்தார். எப்போதும் தேர்தலுக்கு முந்தைய நாட்களாகவே அது அமைந்தது. திருகு அத்தனை முறை தேயுமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

சிதம்பரத்துக்கு அவரை ஒரு முறை அழைத்துப் போயிருக்கிறேன். அவரைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. புருஷன் போன பிறகுதான் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். அங்கே மூத்தார், அதாவது புருஷனுடைய அண்ணன், தவறிவிட்டார் என்று செய்தி வந்ததும் என்னைப் பெட்டியோடு கிளம்பச் சொன்னார். சிதம்பரத்தில் கிடைக்காத பெட்டியா என்றேன். "உன் பொட்டியோட வந்தாதான் நான் உள்ள போக முடியும்" என்றார். அப்போது அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை. வண்டியில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். செம்மங்குப்பம் தாண்டும்போது கெமிக்கல் கம்பெனி வாடை வந்தது. நான் மூக்கைப் பொத்தினேன். அவர் பொத்தவில்லை, வழியில் ஒரு வாய் தண்ணீரும் குடிக்கவில்லை. ஒரு கட்டத்தில் அவர் மூச்சு விடுகிறாரா என்றே திரும்பிப் பார்த்தேன்.

அந்த வீட்டில் பெட்டி உள்ளே போனது. பெட்டியோடு அவரும் போனார். அவர் வட்டத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பெண்கள் அழுகையை நிறுத்தாமல், முழங்காலால் நகர்ந்து நகர்ந்து விலகினார்கள். கொஞ்ச நேரத்தில் அவரைச் சுற்றி ஒரு கோரைப்பாய் அளவுக்கு வெறும் தரை. அவர் கையைத் தூக்கியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். தோள் கொடுக்க ஒருத்தரும் வரவில்லை.

அவருடைய நாத்தனார் எனக்கு டீ கொண்டுவந்தார். குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னார். "இவ புருஷன், எங்க ரெண்டாவது அண்ணன், இந்த வார்டுல நின்னாரு தம்பி. இவ போயி எந்தெந்த ஊட்டுல கட்டிப்புடிச்சி அழுதாளோ, அந்த ஊட்டுல எல்லாம் அண்ணனுக்கு ஒரு ஓட்டு வுழல. கட்டுன பொண்டாட்டி. நீ உன் ஊட்டுப் பொம்பளைய இவகிட்ட அண்ட வுடாத."

திரும்பி வரும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. நான் கேட்கவில்லை. அவராகவே பேசினார்.

"அவ சொன்னது நெசந்தான்."

முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது; நான் கியரை மாற்றினேன்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த மனுசன் என்ன ஒரு வார்த்த கேட்டதில்ல தம்பி. எந்தக் கடையில அரிசி வாங்கறதுன்னுகூட. தோத்தாரு பாரு, அன்னிலேர்ந்து சாவற வரைக்கும் என்னக் கேக்காம செருப்பக்கூட மாட்டினதில்ல."

இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஆற்றில் தண்ணீர் குறைவாக இருப்பதைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. அந்த மனுஷன் மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அக்கா மேலும் வந்தது. எனக்குப் பயம் மட்டும் தனியாக வருவதில்லை, இந்த மாதிரி கூட எதையாவது இழுத்துக்கொண்டுதான் வரும்.

இப்போது அந்த ஐந்து பேர் இருந்த நாளுக்கு வருகிறேன்.

வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கி லேடீஸ் வார்டாக மாற்றிவிட்டார்கள் என்று கவுன்சிலர் ஆரம்பித்தார். தான் இனிமேல் நிற்க முடியாது என்பதைத் தொண்டையைச் செருமிச் செருமிச் சொன்னார். அக்காதான் நிற்கப் போகிறார், பெட்டி வண்டியைப் பிரசாரத்துக்குக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். இறந்தவர்களை ஏற்றும் வண்டியில் மைக் கட்டினால் நன்றாக இருக்குமா என்று அதற்குள் ஒரு கவலை. பாயும் அதே நினைப்பில், அக்காவே நிற்பதில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம் என்றார்.

"நான் நின்னா எல்லாரும் என்னப் பாப்பாங்க பாய்," என்றார் அக்கா. "அப்புறம் நான் யாரப் பாக்கறது?"

பிறகு மலரைப் பார்த்து, "மலரு நிக்கட்டும்" என்றார்.

சிதம்பரத்தில் அக்காவின் நாத்தனார் சொன்னது அப்படியே என் காதில் கேட்டது. எங்களுக்கு அரசியல் தெரியாது, கையில் பணம் கிடையாது, சாவுப் பெட்டிக்காரன் பொண்டாட்டிக்கு யார் ஓட்டுப் போடுவார்கள் என்று வரிசையாக அடுக்கினேன்.

"சாவு வுழாத ஊடு எதுன்னு சொல்லு தம்பி," என்றார் அக்கா. "அந்த ஓட்டு நமக்கு வேணாம்."

கவுன்சிலர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஏன் மலர் என்பதை அக்காவே சொன்னார். பெட்டிக்குத் துணி விரிக்க, பூ வைக்க மலர் என் கூட வருவாள். வந்த இடத்தில் பெண்கள் அவளிடமும் சாய்ந்து அழுவதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தன்னிடம் வரும் கூட்டத்தில் யார் யார் அந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் எதிரிலேயே நின்றும் இதைக் கவனித்ததில்லை. நான் ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலர் அதுவரை சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் ஜெயிச்சா யார் பேசறதுக்கா? நானா, நீங்களா?"

"நீதான் பேசணும். என்னா பேசறதுன்னு தெரியாதப்ப தன்னால எங்கிட்ட வருவ."

"வர மாட்டேன்."

கவுன்சிலர் நாற்காலியில் நெளிந்தார். பாயின் இருமல்கூட நின்றுவிட்டது. அக்கா எழுந்து போய் மலரின் கன்னத்தில் கையை வைத்தார். ஏதோ பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பது போல வைத்தார். "நிக்கறியா இல்லியா, அதச் சொல்லு."

"நிக்கறேன்."

என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு மலரிடம் சண்டை போட்டேன். அந்த அம்மா உன்னை வாயாக வைத்துக்கொண்டு பேசப் போகிறது, நீ பொம்மையாகிவிடுவாய், இல்லை என்றால் வேறு ஏதாவது ஆகிவிடும் என்றேன். வேறு ஏதாவது என்றால் என்ன என்று கேட்டாள். லாரி ஷெட் முதலாளி பேரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எங்கப்பா என்னக் கேட்டா ஸ்கூல் மாத்துனாரு, நீங்க என்னக் கேட்டா பொண்ணு பாக்க வந்தீங்க? மொத தடவயா ஒருத்தவுங்க என்னயே கேட்டாங்க" என்றாள்.

மலர் ஜெயித்தாள். பிரசாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அக்கா ஒரு மேடை ஏறவில்லை, ஒரு நோட்டீஸில் அவர் பெயர் இல்லை. கருமாதி வீடுகளுக்கும் வருஷத் திதிக்கும் போய்வந்தார். ஓட்டு எண்ணிய அன்றைக்கு எனக்கு வயிற்றுப்போக்கு; வெற்றியைப் பாய்தான் கதவைத் தட்டிச் சொன்னார்.

நான் பயந்தது ஒன்று, நடந்தது வேறு. வடிகால் வாய்க்காலை முதலில் எந்தத் தெருவுக்குப் போடுவது என்று பேச்சு வந்தது. லாரி ஷெட் இருக்கும் தெருவுக்கு என்று அக்கா தன் தம்பி மூலம் சொல்லி அனுப்பினார். மழை பெய்தால் அடுப்படி வரைக்கும் தண்ணீர் வருகிற பள்ளத் தெருவுக்குத்தான் முதலில் என்று மலர் எழுதிக்கொடுத்துவிட்டாள். அக்காவிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அந்த மௌனம்தான் என்னைக் கொன்றது. மலருக்கு பிரஷர் பார்க்க வைத்தேன், சுகர் பார்க்க வைத்தேன், அவள் ஸ்கூட்டியின் பிரேக்கை நானே தினமும் பிடித்துப் பார்த்தேன். பகலில் போன் அடித்தால் எடுக்காமல் பாயிடம் கொடுத்தேன். "ஏங்க, நான் கல்லு மாதிரி இருக்கறேன். நீங்கதான் எளச்சிப் போயிட்டீங்க" என்றாள் மலர்.

வாய்க்கால் வேலை முடிந்த பிறகு அதே பள்ளத் தெருவில் ஒரு சாவு. பெட்டி வைத்தேன். அக்கா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மலர் உள்ளே நுழைந்ததும், அக்காவிடம் சாய முறைக்குக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருத்தராக எழுந்து மலர் பக்கம் வந்துவிட்டார்கள். கடைசியில் அக்காவின் தோளில் கிடந்தவளும் எழுந்தாள். சிதம்பரத்தில் பார்த்தேனே, அதே வெறும் தரை அவரைச் சுற்றி. பெட்டி மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் மலரைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றேன்.

மலர் நேராகப் போய் அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து தோளில் கை போட்டாள்.

அவர்கள் தலை ஒட்டிக்கொண்டது. முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தார்கள். வெளியே மேளம் நின்றது, மறுபடி அடித்தது, மறுபடி நின்றது, அவர்கள் பிரியவில்லை. நான் பெட்டியின் அந்தப் பக்கம் நின்றதால் கண்ணாடி வழியாகத்தான் தெரிந்தது. உள்ளே இறந்தவருடைய முகம், அதற்கு அந்தப்புறம் இவர்கள் இரண்டு பேர். அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அத்தனை வருஷத்தில் சாவு வீட்டில் அவர் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பேசியது அக்கா, கேட்டுக்கொண்டிருந்தது மலர். நடு நடுவே மூக்கால் ஒரு சத்தம் வந்தது. "ம்." அது என் பெண்டாட்டியின் சத்தம்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அழுதாங்க" என்றாள்.

"கண்ணு காஞ்சிருந்துச்சே மலரு."

"அவுங்க கண்ணால அழ மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். சோறு போடும்போது, வண்டியில் போகும்போது, சண்டையில்கூட. வேறு பதில் வரவில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டார். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. யாரும் முன்கூட்டிப் பெட்டி கேட்கவில்லை. கவுன்சிலர், அதாவது பழைய கவுன்சிலர், தானே கடைக்கு ஓடி வந்தார். செருப்பு போடாமல் வந்திருந்தார். கடைக்குள் வந்து நின்று எந்தப் பெட்டி வேண்டும் என்று சொல்லத் தெரியாமல், "எதுப்பா, எது எடுத்துக்கறது" என்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஆளை அப்படிப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூட்டம் என்றால் அவ்வளவு கூட்டம். பாய் கூடுதல் நாற்காலிக்கு மேல்பட்டாம்பாக்கம் வரைக்கும் ஆள் அனுப்ப வேண்டியதாகிவிட்டது. ஆனால் உள்ளே பெண்கள் யாரும் கட்டி அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியையும் வாசலையும் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பெண்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த சாவு வீட்டை நான் பார்த்ததே இல்லை. மலர் வந்தாள். அக்கா எப்போதும் உட்காரும் தலைமாட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தாள். முதல் பெண் அவள் தோளில் சாய்ந்தாள், சத்தம் கிளம்பியது. எடுக்கும் வரைக்கும் ஓயவில்லை. நான் பிளக்கைப் பார்க்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். ரேஷன் கார்டு, பட்டா, குடிகார மருமகன், தண்ணீர் வராத குழாய். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சில வருஷம் ஆகிவிட்டது. பழைய கவுன்சிலர் இப்போது வாரம் ஒரு முறையாவது எங்கள் வீட்டுக்கு வருகிறார். அடுத்த முறை அது பொது வார்டாக மாறினால் மறுபடி நிற்க அவருக்கு ஆசை. வாசலில் நின்று தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டே பேசுகிறார். மலர் சொல்கிறபடி கேட்கிறார். அவர் மகள் கல்யாணத்துக்கு எந்த மண்டபம் என்பதுகூட மலரைக் கேட்டுத்தான் நடந்தது. நல்ல வசதிதான் அவருக்கு, காரைக்கூட மாற்றிவிட்டார். அக்காவுக்கு வைத்த பெட்டிக்கு வாடகை மட்டும் தரவில்லை. கருமாதி முடியட்டும் என்றார், அப்புறம் ஞாபகம் வரவில்லையோ வெட்கமோ, அப்படியே நின்றுவிட்டது.

போன மாதம் ஜெனரேட்டர் ரிப்பேர் ஆனபோது அதைக் கேட்டுவிடுகிறேன் என்று சட்டையை மாட்டினேன்.

"கேக்காதீங்க," என்றாள் மலர்.

"ஏன், அவருகிட்ட இல்லாமயா?"

"இருக்குது. குடுத்துட்டாருன்னா நிமிந்து நடப்பாரு. இருக்கட்டும்."

குரலில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

பெட்டி வாடகை, வண்டி வாடகை, ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் எல்லாம் சேர்த்து நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். இன்னும் வரவில்லை.